உப்பு என்று சொன்ன வாய்

ஓடிக்கொண்டிருந்த வண்டி வழியில் நின்றுபோனால் முதலில் எதைப் பார்ப்பது, தீப்பொறியையா பெட்ரோலையா என்று கேட்கிறீர்கள். இந்தத் தொழிலுக்கு வருகிற எவனும் முதல் வாரத்தில் கேட்கிற கேள்விதான் இது. புத்தகத்தில் பதில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். பொறி வர வேண்டும், பெட்ரோல் வர வேண்டும், காற்று வர வேண்டும். மூன்றும் வந்தால் இன்ஜின் ஓடித்தான் ஆக வேண்டும், அதற்கு வேறு வழி கிடையாது. நான் பாயிண்ட் தேய்த்த பெருமையை உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்தச் சாமான்கள் இப்போது பழைய இரும்புக் கடையில்கூடக் கிடைக்காது. உங்களுக்கு இப்போது கம்ப்யூட்டர் கோளாறைச் சொல்கிறது. எங்கள் காலத்தில் வாயால் சொன்னோம். அந்த வாயைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இது நான் ஜெயித்த கதை இல்லை. இதில் ஒரு மனிதன் செத்துப்போகிறான். கேட்கப் பிடிக்காதவர்கள் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வரலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்து ஊரில் லாரியும் காரும் பெருகியிருந்த சமயம். பாளையங்கோட்டை ரோட்டின் மேலேயே எங்கள் ஷெட் இருந்தது. எனக்கு முப்பத்திரண்டு வயது. அந்த வயதிலேயே என்னை எல்லோரும் மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே, வண்டி ஷெட்டுக்குள் நுழைகிற சத்தத்தை வைத்துக் கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே.

எங்கள் ஊர்க் காற்று எந்த இரும்பையும் விட்டுவைக்காது. சைக்கிள் செயின், கதவுக் கீல், ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் தின்றுவிடும். அந்தக் காலத்துக் கார்களில் பொறி உண்டாக்குவதற்குப் பாயிண்ட் என்று ஒன்று இருந்தது. தொட்டுத் தொட்டு விலகுகிற இரண்டு சின்ன உலோக முனைகள், அவ்வளவுதான். அதில் உப்பு ஏறிவிட்டால் பொறி சரியாக வராது, இன்ஜின் இருமும், நிற்கும். ஷெட்டுக்கு வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் வியாதி. எமரிப் பேப்பரை மடித்து நாலு இழுப்பு இழுத்தால் தீர்ந்தது. அதனால் எங்கள் ஷெட்டில் வியாதியின் பெயரையே சுருக்கி உப்பு என்று வைத்துவிட்டோம். என்ன கோளாறு? உப்பு. போன வாரம் வந்ததே, அது? அதுவும் உப்பு. பத்து வருஷம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியே நான் சாப்பிட்டேன் என்றாலும் தப்பில்லை.

ராயப்பன் என்று ஒரு டாக்ஸி டிரைவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சொந்த வண்டி, கறுப்பு மஞ்சள், பழையது. காலையில் கடற்கரை மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு, வண்டியை ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் ஸ்டாண்டுக்கு வருவார். நல்ல மனுஷன். ஆனால் பேச ஆரம்பித்தால் லேசில் முடிக்க மாட்டார். வண்டியின் கோளாறைச் சொல்ல வந்தவர் வீட்டுக் குழம்பு, மச்சினன் கல்யாணம் எல்லாவற்றையும் தாண்டித்தான் கோளாறுக்கு வந்து சேருவார்.

ஒரு நாள் வந்தார்.

"மேஸ்திரி, டவுனுக்குள்ள குதிர மாதிரி ஓடுது. பாளையங்கோட்ட சவாரி எடுத்தா வாகைக்குளத்துக்கு அங்கன போயி இருமுது, நின்னுருது. ஓரமா நிப்பாட்டி ரெண்டு பீடி குடிச்சிட்டு எடுத்தா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. அது என்னன்னு பாருங்க."

அந்தப் பேச்சிலேயே முழு விடையும் இருந்தது. கிட்டத்தில் ஓடுகிறது, தூரம் போனால் நிற்கிறது, சும்மா விட்டால் தானே சரியாகிறது. பாயிண்டில் ஏறிய உப்பு பீடி குடிக்கிற நேரத்தில் தானே இறங்குமா? இப்போது உங்களில் யாரைக் கேட்டாலும் இல்லை என்பீர்கள். அன்றைக்கு நான் அவர் பேசி முடிக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"உப்பு," என்றேன்.

பாயிண்டைத் தேய்த்துக் கொடுத்தேன். டவுனுக்குள் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினேன். ஓடியது. ஏன் ஓடாது, டவுனுக்குள் எப்போதும்தான் ஓடியதே.

பதினைந்து நாள் கழித்துத் திரும்ப வந்தார். இந்தத் தடவை பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற காயிலை மாற்றினேன். ஸ்குரூவை முடுக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று சொன்னார்.

"இன்னொண்ணு மேஸ்திரி. பெட்ரோல் போட மூடியத் தெறந்தா, உஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேக்கு."

"வயசாயிட்டுல்லா ராயப்பண்ணே, ஒங்க வண்டி பெருமூச்சு விடுது," என்றேன். ஷெட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். என்னைக் கேலி பேச வைத்ததில் அவருக்கு ஒரு சந்தோஷம்கூட.

இதற்கு நடுவில் உங்களுக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். பெட்ரோல் விலை திடீரென்று ஏறியிருந்தது. டாக்ஸிக்காரர்கள் தவித்துப்போனார்கள். டேங்க் மூடி வழியாக ஆவியாகப் போகிறது, பள்ளத்தில் குலுங்கினால் சிந்துகிறது என்று ஸ்டாண்டில் யாரோ கிளப்பிவிட, ஆளாளுக்குச் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி மூடிக்குள் இறுக்கமாக வைத்துக்கொண்டார்கள். உப்பளத்துக்குள் சவாரி போகிறவர்களுக்கு உப்புத் தண்ணீர் டேங்குக்குள் போகாது என்று கூடுதல் திருப்தி. மூடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அந்த ஓட்டை வழியாகத்தான் டேங்குக்குள் காற்று போக வேண்டும். டியூபை வைத்து அதை அடைத்துவிட்டால் கொஞ்ச தூரத்தில் டேங்குக்குள் இழுவை உண்டாகிவிடும், பெட்ரோல் இன்ஜினுக்கு வராது. சும்மா நிறுத்தினால் எங்கேயாவது இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று ஏறும், மறுபடி ஓடும். மற்ற டாக்ஸிகள் ஸ்டேஷனுக்கும் துறைமுகத்துக்கும் போய் வருகிறவை, அதற்குள் சவாரி முடிந்துவிடும். நீண்ட சவாரி எடுத்தது ராயப்பன் மட்டும்தான். இத்தனையும் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. மூடியை ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

சங்கு குளிக்கிற சீசன். ஒரு நாள் மதியம் பன்னிரண்டு மணி இருக்கும், ராயப்பன் வண்டி வேகமாக வந்து ஷெட் வாசலில் நின்றது. பின் சீட்டில் ஒரு ஆள் படுத்திருந்தான். கஸ்பார் என்று பெயர், சங்கு குளிக்கிறவன், இருபத்தாறு இருபத்தேழு வயதுதான் இருக்கும். மூழ்கி மேலே வரும்போது இன்னொரு வள்ளம் திரும்பி அதன் முனை வயிற்றில் இடித்துவிட்டது. வெளியே காயம் இல்லை. கட்டியிருந்த துணி கடல் தண்ணீரில் நனைந்து, உடம்பெல்லாம் மணல். மனைவி பிலோமி அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். அவனுடைய அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். ஊரில் பார்த்த டாக்டர், வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது, ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், ஆபரேஷன் செய்தால் பிழைப்பான் என்று சொல்லியிருக்கிறார்.

ராயப்பன் டேங்கை நிரப்பிக்கொண்டு நேரே என்னிடம் வந்திருந்தார்.

"மேஸ்திரி, வழியில கழுத்தறுத்துரக் கூடாது. ஒங்களுக்கு லேசா சந்தேகம் இருந்தாலும் சொல்லிருங்க, நான் வேற வண்டி பாக்கேன்."

அதைவிட ஒரு டிரைவர் என்ன சொல்ல முடியும்? வேலை முடிந்த ஒரு கார் ஷெட்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. கிளியரிங் ஏஜெண்ட் ஒருவருடையது. சாவி என் சட்டைப் பையில். கஸ்பாரின் அண்ணன் அதைப் பார்த்துவிட்டான்.

"அந்தா ஒரு கார் நிக்கே. அதத் தாங்க அண்ணாச்சி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"அது பார்ட்டி வண்டி. சாயங்காலம் எடுக்க வாராவ," என்றேன்.

ஏஜெண்ட் கோபக்காரர் என்பது நிஜம். வண்டிக்கு அன்றைக்குத்தான் புதுச் சீட் கவர் போட்டிருந்தோம். நான் அந்த ஈரத் துணியையும் மணலையும் பார்த்தேன், சீட் கவரை நினைத்தேன். உங்களிடம் மறைத்து என்ன செய்யப்போகிறேன்? ஆனால் அதுகூடப் பெரிய காரணம் இல்லை. வேறு வண்டி கொடுத்தால், இரண்டு தடவை நான் பார்த்த வண்டி சரியில்லை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். எல்லோருக்கும் முன்னால்.

"பத்து நிமிஷம். உப்புதான். நான் கேரண்டி," என்றேன்.

பத்து நிமிஷம் பாயிண்டைத் தேய்த்தேன். தேய்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை, ராயப்பன் முதல் தடவை வந்தபோதே தேய்த்ததுதான். பிறகு டூல் பையை எடுத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினேன். கூடவே போகிறேன் என்று சொன்னதும் ராயப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் என்னவோ பெரிய தியாகம் செய்கிற மாதிரி எனக்கே தோன்றியது.

தம்பிகளே, இதை மட்டும் மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். உயிருக்கு மல்லாடுகிறவன் வண்டியில் இருக்கும்போது வண்டியைச் சரிபண்ணுவது மெக்கானிக்கின் வேலை இல்லை. ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. ஓடுகிற வண்டி எது இருந்தாலும் அதில் ஏற்றி அனுப்பு. யாருடையது என்று பார்க்காதே. ஏசுகிறவன் ஏசட்டும், ஷெட்டை விட்டுத் துரத்தினால் துரத்தட்டும். கோளாறை மறுநாள் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் ரோட்டில் இருக்கிற புதுக்கோட்டைக் கிராமத்தைத் தாண்டினோம். வாகைக்குளம் வருவதற்கு முன்பே வண்டி இருமியது. டேங்க் நிறைய இருந்ததால் மேலே காற்றுக்கு இடமே இல்லை, அதனால் சீக்கிரமே இழுவை வந்துவிட்டது. அதுவும் பிற்பாடு யோசித்துத் தெரிந்ததுதான். இரண்டு தடவை குதித்து நின்றது. வெயில் கொளுத்தியது. இரண்டு பக்கமும் உடைமரமும் பனையும்தான், வீடு கிடையாது.

நான் பானெட்டைத் தூக்கினேன். பெட்ரோல் குழாயை ஒரு நிமிஷம் கழற்றிப் பார்த்திருந்தால் போதும், பெட்ரோல் வரவில்லை என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். என் கை நேராகப் பாயிண்டுக்குத்தான் போனது. பிளக் வயரைக் கழற்றிப் பொறி பார்த்தேன். நல்ல நீலப் பொறி, சடசடவென்று வந்தது. மஞ்சளாக வருகிறது, பலம் இல்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். வாய் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் கண் அதற்குச் சாட்சி சொல்ல ஆரம்பித்துவிடும். அன்றைக்கு என் கண் அதைத்தான் செய்தது.

கஸ்பாரின் அண்ணன் கீழே இறங்கி என் முதுகுக்குப் பின்னால் நின்று ஏசினான்.

"என்னவே கேரண்டி? ஒம்ம கேரண்டியக் கொண்டு கடல்ல போடும்."

பின் சீட்டிலிருந்து கஸ்பாரின் குரல் கேட்டது. உதடு காய்ந்துபோய்ச் சன்னமாக வந்தது.

"அவர ஏன் வையுத? அவரு பாடுபடுதாருல்லா." பிறகு என்னிடம், "நீங்க பாருங்கண்ணே, பதறாதீங்க," என்றான்.

வயிற்றுக்குள் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறவன் எனக்குத் தைரியம் சொன்னான். எனக்கு இப்போதும் சில நாள் சோறு இறங்காமல் போவது அந்த ஒரு பேச்சால்தான்.

இருபது நிமிஷம் போயிருக்கும். உப்பு ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்தது. அண்ணன்காரன் நடுரோட்டில் நின்று மறித்தான். லாரி டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏத்துங்க, மூட்டமேல படுக்க வச்சு மெதுவா ஓட்டுதேன்," என்றார். ராயப்பன் பின் கதவைத் திறந்தார். அதே நேரம் நான் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது. இருபது நிமிஷத்தில் டேங்குக்குள் காற்று ஏறிவிட்டது, அதனால் பிடித்தது. நான் தேய்த்ததால் பிடித்தது என்று நான் நம்பினேன்.

"வேண்டாம், கெளம்பிருச்சு. நீங்க போங்க," என்று லாரியைக் கையைக் காட்டி அனுப்பினேன்.

லாரி எங்களுக்கு முன்னால் போனது. சிறிது தூரம் அதன் பின்னாலேயே போய், ஹாரன் அடித்து முந்தினோம். ராயப்பன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நல்ல வேளை நீங்கள் வந்தீர்கள் என்கிற மாதிரி. தெய்வச்செயல்புரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி மறுபடி நின்றது. நாங்கள் முந்தி வந்த லாரி, நாங்கள் பானெட்டைத் திறப்பதற்குள் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. அண்ணன்காரன் கத்திக்கொண்டே பின்னால் ஓடினான். லாரிக்காரர் காதில் விழவில்லை.

என்னிடம் செய்வதற்கு வேறு எதுவும் மிச்சம் இல்லை. பிளக்குகளையாவது பெட்ரோலில் கழுவுவோம் என்று கழற்றினேன். கழுவப் பெட்ரோல் வேண்டும். துணியை நனைக்கலாம் என்று பின்னால் போய் டேங்க் மூடியைத் திருகினேன்.

உஸ்ஸென்று ஒரு நீளமான சத்தம். மூடி என் கையோடு வர மறுத்தது. உள்ளேயிருந்து ஏதோ இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தது. பிறகு விட்டது. மூடிக்குள் வட்டமாக வெட்டிய கறுப்பு டியூப், ஓட்டையில் பதிந்து தழும்பு விழுந்திருந்தது.

என்ன நடந்தது என்று ஒரே நொடியில் புரிந்துவிட்டது. இரண்டு தடவை ஷெட்டுக்கு வந்தது, நான் கேலி பண்ணியது, ஷெட்டில் நின்ற கார், இப்போது போன லாரி, எல்லாம் அந்த ஒரு நொடியில் வந்து நின்றன. டியூபைக் கிள்ளி எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மூடியை லேசாக வைத்தேன். பிளக்குகளை மாட்டினேன். ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். உடனே பிடித்தது.

"என்ன மேஸ்திரி அது?" என்றார் ராயப்பன்.

"போங்க, போங்க," என்றேன்.

அதற்குப் பிறகு வண்டி நிற்கவே இல்லை. வல்லநாடு தாண்டினோம். பிலோமி அதுவரை விடாமல் அவனிடம் பேசிக்கொண்டே வந்தாள், பிள்ளையைப் பற்றி, வீட்டுக்கு ஓடு மாற்றுவதைப் பற்றி. ஆற்றுப் பாலத்தின் மேல் போகும்போது பேச்சை நிறுத்தினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ராயப்பன் மட்டும் இன்னும் வேகமாக ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு எங்களிடம் ஒன்றுதான் கேட்டார், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்று. ராயப்பன் சொன்னார். டாக்டர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

எழுத வேண்டியதெல்லாம் எழுதி முடித்து, மறுநாள் காலை அதே வண்டியில்தான் அவன் உடலைக் கொண்டுவந்தோம். வேறு வண்டி பார்க்கிற நிலையில் யாரும் இல்லை. திரும்பி வரும்போது அந்த வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை. முப்பது மைலும் பட்டு மாதிரி ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். வாகைக்குளம் தாண்டும்போது அண்ணன்காரன் கேட்டான்.

"இப்ப மட்டும் எப்படி ஓடுது?"

ராயப்பன் என் முகத்தைப் பார்த்தார். டியூப் என் பையில் இருந்தது.

"உப்புதான். உப்பக் கண்டிப்பாச் சொல்ல முடியாது. இருக்கும், இல்லாமலும் போவும்," என்றேன்.

தெரியாமல் சொன்ன உப்பை மன்னிக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், தெரிந்தே சொன்ன இந்த உப்புக்கு என்னிடம் எந்த நியாயமும் கிடையாது. கோளாறு தெரிந்த அந்த நிமிஷமே வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போட்டால் அப்புறம் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டம். நான் ஒரு மாதம் தள்ளிப்போட்டேன்.

கடற்கரையில் பேச்சு பரவியது. மெக்கானிக் கூடவே போயும் அந்த வண்டியை ஓட வைக்க முடியவில்லையாம், ஓட்டை வண்டியை வைத்துக்கொண்டு சாகக் கிடக்கிறவனை ஏற்றியிருக்கிறான் என்று. ராயப்பனுடைய சொந்தத் தெருக்காரர்களே அவர் வண்டியில் ஏறாமல் ஆனார்கள். ஸ்டாண்டில் வரிசையில் அவர் முறை வந்தால் சவாரி பின்னால் நின்ற வண்டிக்குப் போனது. ஒரு நாள் ஷெட்டுக்கு வந்தார். வழக்கம்போலப் பேசவில்லை. ஒரு டீ சொல்லி, குடிக்காமல் வைத்துவிட்டு, "நீங்க இருந்துமே இப்படி ஆயிட்டே மேஸ்திரி. நீங்க மட்டும் வராம இருந்திருந்தா என்னக் கொன்னே போட்டிருப்பானுவ," என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஷெட்டில் ஆட்கள் இருந்தார்கள்.

கஸ்பாருக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் பிலோமி வீட்டுக்குப் போனேன். வாசலில் ஈரச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே டியூபை எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். ஷெட்டில் நின்ற காரைப் பற்றியும் சொன்னேன். அவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்திருந்தேன்.

"எனக்குத் தெரியும்ணே," என்றாள். "நீங்க மூடியத் தெறந்து, கறுப்பா என்னமோ எடுத்துப் பையில போட்டீய. நான் கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். அதுக்கப்பறம் வண்டி நிக்கல. இதுல என்ன இருக்கு தெரியாம போவ?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்களா வந்து சொல்லுவீயளான்னு பாத்தேன். அதுக்குள்ள ராயப்பன் மாமா இங்கன வந்தாவ. என் கால்ல விழுந்தாவ. அவிய வயசென்ன, என் வயசென்ன. ஒங்க மேல தப்பில்ல மாமான்னு ஒரு வார்த்த சொல்லி நான் எழுப்பியிருக்கலாம்லா? எழுப்பல. யாரையாவது கால்ல போட்டு மிதிக்கணும் போல இருந்துச்சு எனக்கு. அவியதான் கெடச்சாவ." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "வாங்க, ரெண்டு பேருமாப் போயிச் சொல்லிட்டு வருவோம்," என்று பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

மூன்று தெரு தாண்டி ராயப்பன் வீடு. அவர் மனைவி வெளியே வந்தார். வண்டியை விற்றாயிற்று, அவர் நாலு நாளைக்கு முன்பு பம்பாய்ப் பக்கம் போகிற லாரியில் ஏறிப் போய்விட்டார், அங்கே ஏதோ கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடுவதாகச் சொன்னார் என்றார். நாங்கள் வந்த விஷயத்தை அவரிடமே சொன்னோம். அந்த அம்மாள் வாசல்படியில் உட்கார்ந்து கேட்டார். கடைசியில், "இத அவியகிட்டல்லா சொல்லணும். எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய," என்றார்.

கடிதம் ஒன்று வந்தது. ஊர் பெயர் இருந்தது, முகவரி இல்லை. அதற்குப் பிறகு அதுவும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது, கோயில் வாசலில் நின்று நடந்ததையெல்லாம் நான் சொன்னேன். கஸ்பாரின் அண்ணன் என் சட்டையைப் பிடித்தான், பிறகு விட்டுவிட்டான். ராயப்பன் மேல் தப்பில்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. ராயப்பனுக்குத்தான் தெரியாது. பம்பாய் போகிற லாரிக்காரர்கள் எத்தனையோ பேரிடம் சொல்லி அனுப்பினேன். நானே இரண்டு தடவை போய்த் தேடினேன்.

அவருடைய வண்டியை வாங்கியவன் சாத்தான்குளம் பக்கத்து ஆள், ஊருக்குப் புதுசு. நான் கோயில் வாசலில் பேசி இரண்டு வாரம் இருக்கும், பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்தான். ரோட்டில் வேறு நாலு ஷெட் இருக்கும்போது என்னைத் தேடி எப்படி வந்தாய் என்று கேட்டேன்.

"வண்டி வித்த அண்ணாச்சி சொன்னாவ. சாவியக் கையில தரும்போதே சொன்னாவ. ஊர்ல வேற எவன்கிட்டயும் போவாத, பாளையங்கோட்ட ரோட்டுல ஒரு மேஸ்திரி இருக்காரு, அவருகிட்டப் போ, அவரு ஒருத்தர்தான் உள்ளத உள்ளபடி சொல்லுவாருன்னு."

நான் பிரேக்கைப் பார்த்துக் கொடுத்தேன். அதில் என்ன கோளாறு என்று சொல்லும்போது எனக்கு வாய் குளறியது.